முந்தின நாள் ஒரு எடை, ரிங்ல வேற எடை: பாக்ஸிங் வெயிட் கட் பத்தி ஒரு விரிவான பதில்

"யூபேங்க் ஜூனியர், கானர் பென் ஃபைட் பாத்தேன், 160 பவுண்டு லிமிட்னு சொல்றாங்க, மறுநாள் ரிங்ல ரெண்டு பேரும் ஒரே சைஸா தெரியல, அப்புறம் எதுக்கு எடை பாக்கறாங்க, இது சட்டம் போட்டு பண்ற ஏமாத்து இல்லையா? என் தம்பியும் பாக்ஸிங் பண்றான், போட்டிக்கு ஒரு வாரத்துல அஞ்சு கிலோ குறைக்கணும்ங்கறான், விடலாமா?" இதுதான் நீங்க கேட்டது. முதல் பாதி நியாயத்த பத்தின கேள்வி, ஆனா நீங்க உண்மையில தெரிஞ்சுக்க நினைக்கிறது ரெண்டாவது பாதிதான்னு எனக்கு தோணுது, அதாவது இதுல உசுருக்கு எதாவது ஆகுமான்னு. ரெண்டுக்கும் சேத்தே சொல்றேன், ஏன்னா ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண புரிஞ்சுக்க முடியாது.

நான் விளையாட்டு வீரர்களோட உணவு, எடை விஷயத்துல வேலை பாக்கறவன். என்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் அமெச்சூர் பாக்ஸர்கள், மல்யுத்த பசங்க. ப்ரொஃபஷனல் டைட்டில் ஃபைட் கேம்ப் உள்ள நான் வேலை பாத்ததில்ல, அதனால அந்த ஃபைட்டுகள பத்தி சொல்றதெல்லாம் வெளிப்படையா பதிவான விஷயங்கள், உடம்புக்குள்ள என்ன நடக்குதுங்கறது மட்டும் என் தொழில்ல இருந்து சொல்றது.

மொதல்ல அடிப்படை. ப்ரோ பாக்ஸிங்ல பரவலா ஏத்துக்கிட்ட 17 எடைப் பிரிவு இருக்கு. கீழ 105 பவுண்டுல, அதாவது 47.6 கிலோல ஆரம்பிச்சு 108, 112, 115, 118, 122ன்னு மூணு நாலு பவுண்டு இடைவெளில ஏறுது, மேல போகப்போக இடைவெளி அகலமாகுது, 160ல இருந்து அடுத்தது 168, அப்புறம் 175, அப்புறம் 200, அதுக்கு மேல ஹெவிவெயிட், அங்க லிமிட்டே கிடையாது. எடை பாக்கறது வழக்கமா ஃபைட்டுக்கு முந்தின நாள். ரசிகர்கள் முன்னாடி மேடையில ஜட்டியோட ஏறி நின்னு கைய மடக்கி காட்றது இப்பெல்லாம் பெரும்பாலும் சம்பிரதாயம்தான், உண்மையான வெயிட்-இன், அதாவது எடை பாக்கறது, அன்னைக்கு காலையிலயே அந்த ஊர்ல பாக்ஸிங்க கட்டுப்படுத்தற கமிஷன் ஆளுங்க முன்னாடி முடிஞ்சிருக்கும். டைட்டில் ஃபைட்னா லிமிட்டுக்கு மேல ஒரு கிராம் கூட இருக்கக்கூடாது, டைட்டில் இல்லாத ஃபைட்னா ஒரு பவுண்டு சலுகை பல கான்ட்ராக்ட்ல இருக்கும். கூட இருந்தா ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ டைம் கொடுப்பாங்க, அதுக்குள்ள குறைச்சுட்டு வந்து திரும்ப ஏறணும்.

இப்ப எப்படி குறைக்கறாங்கன்னு பாப்போம். சாதாரண நாள்ல 68, 69 கிலோ இருக்கற ஒருத்தர் 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ பிரிவுல ஆடறாருன்னு வெச்சுக்கங்க. கேம்ப் நடக்கற எட்டு பத்து வாரத்துல சாப்பாட்ட குறைச்சு கொழுப்புல மூணு நாலு கிலோ இறக்குவாரு, இதுல பெரிய ஆபத்து இல்ல, நல்ல டயட்டீஷியன் இருந்தா இது சாதாரண வேலை. மிச்சம் இருக்கற நாலு கிலோதான் கடைசி வாரத்து சமாச்சாரம், அது கொழுப்பே கிடையாது. தசையிலயும் ஈரல்லயும் கிளைக்கோஜன்னு ஒரு மாவுச்சத்து சேமிப்பு இருக்கு, மொத்தமா ஒரு 400, 500 கிராம் இருக்கும், ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூணு கிராம் தண்ணிய கூட பிடிச்சு வெச்சிருக்கும், சோறு ரொட்டிய நிறுத்தினா அதுல பெரும்பகுதி கரைஞ்சு ஒண்ணு ஒன்றரை கிலோ தானா இறங்கிரும். நார்ச்சத்து இல்லாத சாப்பாட்டுக்கு மாறினா குடல்ல தங்கற எடை குறையும். உப்ப நிறுத்துவாங்க, சில நாள் தண்ணிய அளவுக்கு மேல குடிச்சுட்டு திடீர்னு நிறுத்துவாங்க, அப்ப சிறுநீரகம் பழைய வேகத்துலயே தண்ணிய வெளிய தள்ளிட்டு இருக்கும். கடைசியா வேர்வை. சானாங்கற சூடான அறை, வெந்நீர் தொட்டி, பிளாஸ்டிக் சூட் போட்டுட்டு ஸ்கிப்பிங், சூயிங்கம் மென்னு எச்சில் துப்பறது வரைக்கும் போகும். அந்த கடைசி ஒரு கிலோவ நான் பக்கத்துல இருந்து பாத்திருக்கேன், உதடு வெடிச்சு வெள்ளையா இருக்கும், பேசினா நாக்கு ஒட்டும், தோள கிள்ளி விட்டா தோல் உடனே திரும்பாது, கேட்ட கேள்விக்கு பதில் வர ரெண்டு நொடி ஆகும். மெஷின்ல ஏறி எறங்கினதும் ஓஆர்எஸ், சோறு, பழம், திரும்ப தண்ணி. மறுநாள் ராத்திரி ரிங்ல ஏறும்போது அந்த நாலு கிலோ திரும்பியிருக்கும், சிலருக்கு அதுக்கு மேலயும்.

அப்ப இது ஏமாத்தான்னா, ரூல் படி இல்ல. ரூல் கேக்கறது "இந்த நேரத்துல இந்த மெஷின்ல உன் எடை என்ன"ன்னு மட்டும்தான். எல்லாரும் இதையே பண்றாங்க, நீங்க பண்ணலன்னா உங்கள விட பெரிய ஆளு எதிர்ல நிப்பான், அதனால பண்ண விருப்பம் இல்லாதவனும் பண்றான். இந்த நிலைமைக்கு யார் காரணம்னு கேட்டா, பாதுகாப்புக்காக கொண்டுவந்த ஒரு மாத்தம்தான்னு சொல்லுவேன், அத கொஞ்சம் விளக்கணும்.

1980கள் வரைக்கும் ஃபைட் அன்னைக்கு காலையிலதான் எடை பாத்தாங்க. 1982 நவம்பர் 13, லாஸ் வேகஸ் சீசர்ஸ் பேலஸ்ல ரே மான்சினிகிட்ட 14வது ரவுண்டுல விழுந்த தென்கொரிய பாக்ஸர் கிம் டுக்-கூ சில நாள்ல இறந்துட்டாரு. 135 பவுண்டுக்கு இறங்க அவர் ரொம்ப கஷ்டப்பட்டாருன்னு அப்பவே பேச்சு இருந்துச்சு, அந்த சாவுக்கு தண்ணி வத்துனதுதான் காரணம்னு யாரும் நிரூபிக்கல, அத நான் உறுதியா சொல்லமாட்டேன். ஆனா அந்த சம்பவம் பாக்ஸிங்க உலுக்கிருச்சு, உலகப் பட்டம் கொடுக்கற அமைப்புகள்ல ஒண்ணான டபிள்யூபிசி உடனே 15 ரவுண்ட 12 ஆக்குச்சு, மத்த அமைப்புகளும் சில வருஷத்துல அதே வழிக்கு வந்தாங்க. அந்த காலகட்டத்துலதான் எடை பாக்கறதும் முந்தின நாளுக்கு மெதுவா நகந்துச்சு. காரணம் நல்ல காரணம்தான், வத்திப்போன உடம்போட எட்டு மணி நேரத்துல ரிங் ஏறாம ஒரு முழு நாள் தேறிக்கட்டும்னு. ஆனா மனுஷன் என்ன பண்ணுவான், தேறிக்க ஒரு நாள் இருக்குன்னு தெரிஞ்சதும் இன்னும் ரெண்டு கிலோ கூட வத்தலாமேன்னு இறங்கிட்டான். முன்னாடி மூணு கிலோ குறைச்சவன் இப்ப ஆறு கிலோ குறைக்கறான்.

அதோட விளைவு எவ்வளவு தூரம் போகும்ங்கறதுக்கு 2000 பிப்ரவரி 26, மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல நடந்த ஆர்ட்டூரோ காட்டி, ஜோயி கமாச் ஃபைட்ட பாக்கணும். கான்ட்ராக்ட் 141 பவுண்டு. வெயிட்-இன்னுக்கு மறுநாள், ஃபைட் ராத்திரி ஹெச்பிஓ சேனல் எடுத்த எடைப்படி காட்டி 160, கமாச் 145. பதினஞ்சு பவுண்டு வித்தியாசம், காட்டி மிடில்வெயிட் லிமிட்ல நிக்கறாரு, எதிர்ல இருக்கறவரு 147 பவுண்டு வெல்டர்வெயிட்டுக்கும் கீழ. ரெண்டாவது ரவுண்டுல கமாச் மயங்கி விழுந்தாரு, மூளையில காயம், அதுக்கப்புறம் அவர் ரிங் ஏறவே இல்ல. வெயிட்-இன் அன்னைக்கே மெஷின்ல முள்ளு நிக்கறதுக்குள்ள காட்டி எறங்கிட்டாருன்னு கமாச் தரப்பு சொல்லுச்சு, நியூயார்க் கமிஷன் மேல கேஸ் போட்டாங்க, பத்து வருஷம் கழிச்சு கோர்ட்டு அந்த வெயிட்-இன் கவனக்குறைவா நடந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாலும் இழப்பீடு கொடுக்கல. காட்டிய நான் குத்தம் சொல்லல, அவர் அந்த காலத்துல எல்லாரும் பண்ணதத்தான் பண்ணாரு. ஆனா எடைப் பிரிவுன்னு ஒண்ணு எதுக்கு இருக்குங்கறதே அன்னைக்கு ராத்திரி அடிபட்டு போச்சு.

இப்ப மருத்துவத்துல எது உறுதி, எது சந்தேகம்னு பிரிச்சு சொல்றேன், ஏன்னா இணையத்துல ரெண்டையும் கலந்துதான் எழுதறாங்க. வேகமா தண்ணி வத்தினா ரத்தத்தோட அளவு குறையும், இதயம் வேகமா அடிக்கும், உடம்பு சூட்ட வெளியேத்த முடியாம திணறும், சிறுநீரகத்துக்கு அடி, உப்பு அளவு கெட்டா இதயத் துடிப்பே தாறுமாறாகும், இதுல எந்த சந்தேகமும் இல்ல. 1997 கடைசில அமெரிக்க காலேஜ் மல்யுத்த மாணவர்கள் மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே மாசத்துக்குள்ள இறந்தாங்க, மூணு பேரும் எடை குறைக்கறதுக்காக வெக்கையில, ரப்பர் சூட் மாதிரி வேர்க்கற உடுப்புல பயிற்சி பண்ணவங்க. ரிங்ல வாங்கின அடியில இல்ல, எடை குறைக்கறதுலயே போன உசுரு. மூளை விஷயம் அவ்வளவு தெளிவு இல்ல. தண்ணி வத்தினா மூளையும் சுத்தி இருக்கற திரவமும் கொஞ்சம் சுருங்கும், மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ஓடற சின்ன ரத்தக்குழாய்கள் இழுபடும், அந்த நிலையில அடி விழுந்தா ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும்ங்கறது விளக்கம். நம்பக்கூடிய விளக்கம்தான், நானும் அத மதிச்சுதான் வேலை பாக்கறேன், ஆனா வத்தின பாக்ஸருக்கு ஆபத்து இத்தன மடங்குன்னு யாராவது நம்பர் சொன்னா நம்பாதீங்க, பாக்ஸர்கள வெச்சு அப்படி ஒரு சோதனை பண்ணவே முடியாது. ஒரு நாள்ல முழுசா தேறிடலாமாங்கறதும் அப்படித்தான். ரத்தத்துல தண்ணி சில மணி நேரத்துல ஓரளவு திரும்பிரும், தசையில கிளைக்கோஜன் நிரம்ப ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும், செல்லுக்குள்ள எல்லாம் சமநிலைக்கு வர்றது ஆளுக்கு ஆள் மாறும். மெஷின்ல எடை திரும்பிருச்சுங்கறதால ஆளு திரும்பிட்டான்னு அர்த்தம் இல்ல. 2008ல ஆஸ்கார் டி லா ஹோயா வெல்டர்வெயிட்டுக்கு இறங்கி 145ல நின்னாரு, ஃபைட் அன்னைக்கும் 147தான் இருந்தாரு, கீழ இருந்து ஏறி வந்த பாக்கியாவோ அவர விட கொஞ்சம் கூடவே இருந்தாரு, எட்டு ரவுண்டு முடிஞ்சதும் ஸ்டூல்லயே நிறுத்திட்டாரு டி லா ஹோயா. அதோட ரிடையர் ஆயிட்டாரு. பெருசா ஏத்தறவன்தான் ஜெயிப்பான்னும் சொல்லமுடியாது, அத பத்தின ஆய்வுகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகல.

ரூல் எதுவும் மாத்தலயான்னு கேட்டா, மாத்தியிருக்காங்க, ஆனா துண்டு துண்டா. ஐபிஎஃப்ங்கற இன்னொரு பட்ட அமைப்பு, தன்னோட டைட்டில் ஃபைட்டுக்கு ஃபைட் அன்னைக்கு காலையில ரெண்டாவது தடவ எடை பாக்கற ரூல் கொண்டுவந்துச்சு, லிமிட்டுக்கு மேல பத்து பவுண்டு வரைக்கும்தான் ஏறலாம்னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 2017ல டேனியல் ஜேக்கப்ஸ் கொலோவ்கின் கூட ஆடும்போது அந்த காலை வெயிட்-இன்னுக்கு போகவே இல்ல, அதனால ஜெயிச்சாலும் ஐபிஎஃப் பெல்ட் மட்டும் அவருக்கு கிடைக்காதுன்னு ஆச்சு, ஃபைட் வழக்கம்போல நடந்துச்சு. டபிள்யூபிசி டைட்டில் ஃபைட்டுக்கு முப்பது நாள் முன்னாடியே எடை வாங்கி பாக்குது, அப்ப லிமிட்ட விட பத்து சதவீதத்துக்கு மேல இருக்கக்கூடாது, ஒரு வாரம் முன்னாடி இன்னும் இறுக்கம். எனக்கு இது பிடிச்ச ரூல், கடைசி வாரத்துல பண்ற அட்டூழியத்துக்கு இது முன்னாடியே கடிவாளம் போடுது. கலிஃபோர்னியா கமிஷன் 2017ல இருந்து ஃபைட் நாள்லயும் எடை பாத்து, பத்து சதவீதத்துக்கு மேல ஏறினவங்கள மேல் பிரிவுக்கு போகச் சொல்லுது.

இன்னொரு பக்கம் ரீஹைட்ரேஷன் நிபந்தனைன்னு ஒண்ணு வந்திருக்கு, அதாவது எடை பாத்தப்புறம் எவ்வளவு வரைக்கும் திரும்ப ஏறலாம்னு போடற கட்டுப்பாடு, நீங்க பாத்த ஃபைட்ல இருந்தது அதுதான். இது அமைப்போட ரூல் இல்ல, ரெண்டு தரப்பும் கான்ட்ராக்ட்ல போட்டுக்கறது. 2025 ஏப்ரல் 26 டாட்டன்ஹாம் ஸ்டேடியம், முந்தின நாள் லிமிட் 160, ஃபைட் அன்னைக்கு காலையில 170 தாண்டக்கூடாது. யூபேங்க் 160.05 காட்டினாரு, கூட இருந்தது இருபத்தி மூணு கிராம், அதுக்கு அபராதம் மூணே முக்கா லட்சம் பவுண்டு பணம். பென் 147ல இருந்து ரெண்டு பிரிவு தாண்டி வந்தவரு, வெயிட்-இன்ல 156.4 தான் இருந்தாரு. 2023ல ஜெர்வான்டா டேவிஸ், ரையன் கார்சியா ஃபைட்லயும் இதே மாதிரி, 136 லிமிட், மறுநாள் காலையில 146. பேரம் பேசற பலம் யார்கிட்ட இருக்கோ அவங்க பெரிய ஆள திரும்ப தண்ணி குடிக்க விடாம கட்டிப்போடறாங்க. ஆரம்பத்துலயே பெரிய பிரிவுல வெச்சுட்டு ரெண்டு நாளும் சரியா எடை பாத்தா அது பாதுகாப்பு. ஒருத்தர கடைசி துளி வரைக்கும் வத்த வெச்சுட்டு அப்புறம் குடிக்காதன்னா அவர் அரைகுறையா தேறின உடம்போட பன்னண்டு ரவுண்டு அடி வாங்கறாரு. இத நான் ரொம்ப தப்பான ஏற்பாடா பாக்கறேன். யூபேங்க் ஜெயிச்சுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு போனாரு.

எடை மிஸ் பண்றவங்களுக்கு என்ன தண்டனைங்கறதும் இதுல சேரும். காசு கட்டினா போச்சுன்னு இருக்கற வரைக்கும் பணக்காரன் கட்டிட்டு போயிருவான். 2009ல மேவெதர் மார்க்கெஸ் கூட 144ன்னு ஒப்புக்கிட்டு 146ல வந்தாரு, ஆறு லட்சம் டாலர் கொடுத்துட்டு பெரிய ஆளாவே ஆடி ஜெயிச்சாரு. 2024ல கார்சியா ஹேனி கூட 140க்கு 143.2ல வந்து மூணு தடவ கீழ தள்ளினாரு, பின்னாடி ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டி அந்த ரிசல்ட் ரத்தாச்சு, எடையால ரத்தாகல. 2005 அக்டோபர்ல கொராலெஸ் கூட ரீமேட்ச்ல காஸ்டியோ மெஷின்ல நிக்கும்போது அவர் தரப்பு டாக்டரோட கால் மெஷினுக்கு அடியில இருந்து தூக்கிக்கொடுத்துட்டு இருந்தத அதிகாரிங்க பிடிச்சாங்க, உண்மையான எடை 138.5, லிமிட் 135. அப்பவும் ஃபைட் நடந்துச்சு, நாலாவது ரவுண்டுல கொராலெஸ் நாக்அவுட். அடுத்த வருஷம் மூணாவது ஃபைட்டுக்கும் காஸ்டியோ கூட எடையோட வந்தப்போ கொராலெஸ் ஆடமாட்டேன்னுட்டாரு, நியாயம்தான். இதுல ஜப்பான்காரங்க மட்டும்தான் கறாரா இருந்தாங்கன்னு சொல்வேன். 2018 மார்ச்ல டோக்கியோல மெக்சிகோ வீரர் லூயிஸ் நெரி 118 லிமிட்டுக்கு மொதல்ல 123, ரெண்டாவது தடவ 121, அந்த கூடுதல் எடையோட ஜப்பான் வீரர் யமனாகாவ ரெண்டே ரவுண்டுல முடிச்சாரு, யமனாகா அதோட ஓய்வு. ஜப்பான் கமிஷன் நெரிய அவங்க நாட்டுல ஆடவிடாம தடை போட்டுருச்சு, 2024ல ஜப்பான் சாம்பியன் இனோவே கூட ஆடறதுக்குத்தான் அது விலகுச்சு. அடுத்த மாசமே சொந்த ஊர் சாம்பியன் டைகோ ஹிகா எடை மிஸ் பண்ணப்போ அவரையும் சஸ்பெண்ட் பண்ணாங்க, நம்மாளுன்னு விடல.

இதுக்கு வழியே இல்லையான்னா இருக்கு. அந்த மூணு மாணவர்கள் இறந்ததுக்கப்புறம் அமெரிக்க காலேஜ் மல்யுத்தத்துல சானா, ரப்பர் சூட் எல்லாம் தடை பண்ணி, சீசன் ஆரம்பத்துலயே கொழுப்பளவும் சிறுநீர் அடர்த்தியும் பாத்து "இவன் இந்த எடைக்கு கீழ போகக்கூடாது"ன்னு எழுதி வெச்சுட்டாங்க, வெயிட்-இன்னையும் போட்டிக்கு ஒட்டின நேரத்துக்கு கொண்டுவந்தாங்க. ஆசியாவுல ஒன் சாம்பியன்ஷிப்ங்கற தற்காப்புக் கலை போட்டி அமைப்புல 2015ல ஒரு சீன வீரர் எடை குறைக்கும்போது இறந்தப்புறம் அவங்களும் சிறுநீர் டெஸ்ட் கொண்டுவந்தாங்க. பாக்ஸிங்ல நாலு பெரிய அமைப்பு, ஊருக்கு ஒரு கமிஷன், ப்ரோமோட்டர், டிவி, எல்லாரும் ஒரே ரூலுக்கு வரணும், அதுதான் நடக்கமாட்டேங்குது. என்ன கேட்டா சண்டை ஒப்பந்தம் ஆகும்போதே டாக்டர் கீழ் எல்லைய எழுதணும், அப்புறம் ஃபைட் அன்னைக்கு காலை எடை எல்லாருக்கும் கட்டாயம், யாரும் பெல்ட்ட விட்டுக்கொடுத்துட்டு தப்பிக்க முடியாதபடி.

உங்க தம்பி விஷயத்துக்கு வர்றேன். அமெச்சூர்ல நிலைமை வேற, போட்டி இருக்கற ஒவ்வொரு நாளும் காலையில எடை பாப்பாங்க, சில மணி நேரத்துல ரிங் ஏறணும், ஃபைனல் வரைக்கும் போனா நாலஞ்சு நாள் இதே. ப்ரோ மாதிரி வத்திட்டு ஒரு நாள் தேறறதுக்கு இடமே இல்ல. 2024 பாரிஸ்ல வினேஷ் போகட்டுக்கு நடந்தது மல்யுத்தம்தான், ஆனா இதே கதை, மொதல் நாள் 50 கிலோவுக்குள்ள இருந்து மூணு பவுட் ஜெயிச்சாங்க, சாப்பிட்டு தண்ணி குடிச்சதும் எடை திரும்பிருச்சு, ராத்திரி முழுக்க தூங்காம குறைச்சும் மறுநாள் காலையில நூறு கிராம் கூட. உலகத்தரத்துல ஒரு டீமே பக்கத்துல இருந்தும் அப்படி. அதனால ஒரு வாரத்துல அஞ்சு கிலோங்கறதுக்கு என் பதில், விடாதீங்க. பதினெட்டு வயசு ஆகலன்னா அரை கிலோ கூட வேர்வையில குறைக்கக்கூடாதுன்னு சொல்வேன், அது வளர்ற உடம்பு. வயசு ஆயிருந்தா வாரத்துக்கு அரை கிலோ, அதிகபட்சம் முக்கா கிலோ, கொழுப்புல இருந்து, எட்டு பத்து வாரம் முன்னாடியே ஆரம்பிக்கணும், கடைசி ரெண்டு நாள் நார்ச்சத்தும் உப்பும் குறைச்சா இறங்கற ஒரு கிலோ மட்டும் போதும்.

ஜிம்முல யாராவது லாசிக்ஸ்னு சிறுநீர அதிகமா போக வைக்கற மாத்திரை போட்டுக்கோன்னு சொல்வாங்க, அத எந்த காரணத்துக்காகவும் தொடக்கூடாது, பொட்டாசியம் இறங்கி இதயத்த நிறுத்திரும், தடை செஞ்ச மருந்து பட்டியல்லயும் அது இருக்கு, டெஸ்ட்ல மாட்டினா கரியரே போச்சு. எடை பாத்ததும் ட்ரிப் ஏத்திக்கறதும் அப்படித்தான், பன்னண்டு மணி நேரத்துல 100 மில்லிக்கு மேல ஏத்தறது ஆஸ்பத்திரி சிகிச்சையா இல்லாத பட்சத்துல விதிமீறல். வாயால குடிக்கணும், மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட் போதும், வேர்வையில போன ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் கணக்குல, ஒரே மடக்கா இல்லாம சில மணி நேரத்துல பிரிச்சு. தலைசுத்தல், பேச்சு குழறல், வேர்வை திடீர்னு நின்னுபோறது, ஆறேழு மணி நேரமா சிறுநீரே வராதது, இதுல எது தெரிஞ்சாலும் போட்டிய மறந்துட்டு நேரா கேஷுவால்டி.

இப்போதைக்கு நீங்க பண்ணவேண்டியது, ரெண்டு வாரம் தினமும் காலையில எழுந்து பாத்ரூம் போயிட்டு வந்ததும், எதுவும் சாப்பிடறதுக்கு முன்னாடி அவன் எடைய ஒரு நோட்டுல எழுத சொல்லுங்க. அந்த சராசரிக்கும் அவன் ஆட நினைக்கற பிரிவுக்கும் நடுவுல ரெண்டு கிலோவுக்கு மேல இருந்து, போட்டி ஒரு மாசத்துக்குள்ள இருந்தா, இந்த தடவ மேல் பிரிவுலதான் பேர் கொடுக்கணும். கோச்சுகிட்ட பேசும்போது நீங்களும் கூட போங்க, அந்த நோட்ட கையில எடுத்துட்டு போங்க, வாய் வார்த்தையா சொன்னா "அதெல்லாம் இறக்கிரலாம்"னு சொல்லி அனுப்பிருவாங்க.